மார்கழி அறைப் பொன்னாங்கண்ணி

வரப்போகிற அந்தக் காலத்தில் பாளையங்கோட்டைக்கு இரண்டே பருவங்கள்தான் மிச்சம். ஒன்று வெயில் காலம். மற்றது, அந்த வெயில் காலம் எவ்வளவு குளுகுளுவென்று இருந்தது என்று ஜனங்களை ஏங்கவைக்கும் கொடும் வெயில் காலம். காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்து போயின. கோழிகள் முட்டையை அவித்தே இட்டன. தாமிரபரணியில் குளிக்கப் போனவர்கள் பாதி வெந்து திரும்பினார்கள். பாதிதான், ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

மற்ற பருவங்களெல்லாம் புறவழிச் சாலையோரம் இருந்த பருவக் கூடத்துக்குள் போய் அடைந்துகொண்டன. நாலு கல்யாண மண்டபத்தை ஒட்டிவைத்தாற்போல் ஒரு கட்டடம். உள்ளே மாதத்துக்கு ஓர் அறை. ஆடி அறைக்குள் வேட்டி கட்டியவர் நுழைந்தால் வேட்டி ஒரு வழியாகவும் அவர் ஒரு வழியாகவும்தான் வெளியே வருவார்கள். ஐப்பசி அறையில் மழை கொட்டுகிற வேகத்துக்குத் தவளையே குடை கேட்கும். மார்கழி அறையில் கொட்டாவி விட்டவர் வாயை மூடுவதற்குள் பல் விறைத்துப்போகும்.

இத்தனை ஏற்பாடும் கீரைக்கு. டாக்டர்கள் மாத்திரை எழுதுவதைக் குறைத்து, கீரை எழுத ஆரம்பித்திருந்தார்கள்: இன்ன ரகம், இன்ன மாதத்தில் விளைந்தது, தினம் ஒரு கைப்பிடி. பெண் பார்க்கப் போன இடத்தில், "நாங்க தை மாசத்து வெந்தயக் கீரைக்குக் கொறஞ்சு தொடுறதில்ல" என்று பீற்றிக்கொள்ளும் சம்பந்திகள் இருந்தார்கள். வசதி இல்லாதவர்கள் வெளி வெயிலில் விளைந்ததைத் தின்றார்கள். அதில் பச்சை நிறம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இந்த மாதங்களையெல்லாம் முடுக்கிவிட்டு, அடக்கி, மேய்த்து வந்தவர் ஆவுடையப்பன். ஜில்லாவிலேயே ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே மனிதர். குளிரும் மழையும் காற்றும் அவர் விரல் நுனியில் இருந்தன. பேச்சு மட்டும் நாக்கு நுனிக்கு வராது. வீடு தீப்பற்றி எரிந்தாலும் "தீ" என்று ஓர் எழுத்தைச் செலவழித்துவிட்டு, அதுவும் அதிகமோ என்று யோசிக்கிறவர்.

அவர் விட்ட குறையையெல்லாம் மனைவி செண்பகவல்லி சேர்த்துவைத்துப் பேசினாள். பேசும்போது அவளுக்குக் கை சும்மா இருக்காது. கதையில் சுவையான இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஒரு கிள்ளு விழும். அவளிடம் ஊர்க்கதை கேட்க வந்த பெண்கள் இரட்டைச் சேலை கட்டிக்கொண்டு வந்ததாகக்கூடச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. பார்க்கிற பார்வைக்கு நடுவில் வடை அளவுக்கு ஓர் இருட்டு. வடைக்காவது ஓட்டை உண்டு. இதில் அதுவும் இல்லை. எதிரே நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. மார்கழியில் வளர்ந்த சிவப்புப் பொன்னாங்கண்ணியைத் தினமும் சாப்பிட்டால் இருட்டு பரவாமல் நிற்கும், கொஞ்சம் சுருங்கவும் கூடும் என்றார் டாக்டர். கீரையில் சத்து குறைந்தால் இருட்டு மொத்தமாக மூடிவிடும். மார்கழி அறையில் கண் நோயாளிகளுக்கென்று ஆளுக்கொரு தட்டு இருந்தது. செண்பகவல்லியின் தட்டு பின்கதவை ஒட்டி இருந்தது.

*

மேலப்பாளையத்து மீராள்தான் கூடத்தில் கீரையின் சத்தைப் பரிசோதிக்கிறவள். அவளுடைய வாப்பாவும் ஆவுடையப்பனும் சேர்ந்து படித்தவர்கள். அதனால் அவர் அவளுக்கு மாமா முறை. ஒருநாள் காலை அவள் சத்துமானியை ஓர் இலையில் கவ்வவிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மாமா, இந்தத் தடவையும் எறங்கிட்டு."

"ம்."

"ம்மா? கூடத்த நடத்துத வாரியத்துல இந்த அறையவே பூட்டிரணும்ங்காங்க. கரண்ட மலை மலையாத் திங்குது, கீரையில சத்தக் காணும், எதுக்கு இந்த மார்கழின்னு கேக்காங்க. இன்னொரு வாட்டி எறங்குனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"குளிர் சரியாத்தான இருக்கு?"

ஆவுடையப்பன் வாயிலிருந்து மூன்று சொற்கள் சேர்ந்தாற்போல் வந்ததில் மீராளுக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்துவிட்டது.

"குளிர்ல கொற இல்ல மாமா. கீரைக்குத்தான் அது பழகிப்போச்சு போலுக்கு. சொகுசா வளந்த எல தண்ணியக் குடிச்சு ஊதிக்கிடும், அம்புட்டுத்தான். குளிருக்குப் பயந்த எலதான் தனக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு கம்பளியப் பின்னிக்கிடும். அந்தக் கம்பளிதான் நம்ம கண்ணுக்கு மருந்து. இதுக இப்பம் பயப்பட மாட்டேங்குதுக. பச்ச ரகத்த விடுங்க, அது எப்பமும் எருமமாடு. இந்தச் செவப்பு ரகம் ரோசக்காரி. அதுக்குமா சொரண கெட்டுப்போகும்?"

அன்று இரவு சாப்பிடும்போது செண்பகவல்லி, "மீராளு என்ன சொன்னா? கீரை எப்படியாம்?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றார். ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவும் பொய்.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் உட்கார்ந்திருந்த திசையை உத்தேசமாகப் பார்த்து, "இருக்கியளா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதை யார் பார்த்தது?

*

அடுத்த பரிசோதனையில் ஓர் அதிசயம் நடந்தது. அறை முழுக்கச் சத்து இன்னும் இறங்கிப்போயிருந்தது. பின்கதவோரத் தட்டு ஒன்றில் மட்டும் சத்துமானியின் முள் தலைதெறிக்க ஓடி மறுகோடியில் முட்டிக்கொண்டு நின்றது. மீராள் தட்டில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

"மாமா, நான் என்னன்னு சொல்ல? ஊரார் தட்டெல்லாம் எறங்கிருக்கு. உங்க வீட்டுத் தட்டு மட்டும் ஏறிருக்கு. கேக்கவன் என்ன கேப்பான்?"

"சத்தியமா..."

"எனக்குத் தெரியும். வாரியத்துக்கும் தெரியணும்லா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் எதையும் அனுப்பல. அதுக்குள்ள என்னன்னு பாருங்க."

அவள் போனபின் அவர் அந்தத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் பழுப்பாக ஒரு துளி உறைந்து கிடந்தது. நகத்தால் பெயர்த்து நாக்கில் வைத்தார். சுக்குக் காப்பி. கருப்பட்டி தூக்கல். பாளையங்கோட்டையில் ஒரே ஒரு வீட்டில்தான் இப்படிப் போடுவார்கள். அந்த வீட்டில்தான் அவர் முப்பது வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் அவர் விறைத்து விழுந்துவிட்டால் திறப்பதற்கு ஆள் வேண்டுமென்று, பின்கதவுப் பூட்டுக்குச் செண்பகவல்லியின் விரலையும் அடையாளம் காட்டி வைத்திருந்தார்கள். அந்த விரல் இப்படி வேலை செய்யும் என்று அவர் நினைக்கவில்லை.

மறுநாள் மதியம், ஆடி அறைக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பக்கத்துத் தை அறைக்குள் புகுந்து காற்றுத் துவாரத்தில் கண்ணை வைத்தார். சற்றைக்கெல்லாம் பின்கதவு திறந்தது. வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு, பிளாஸ்கும் கையுமாகச் செண்பகவல்லி வந்து தன் தட்டின் அருகே உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் நிறையக் காப்பியை ஆவி பறக்க ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள். சுகமாக ஒரு நடுக்கம் நடுங்கினாள். பிறகு கீரையிடம் பேச ஆரம்பித்தாள்.

"நேத்து வந்தாரா, வந்தாரு. சாப்பிட்டாரா, சாப்பிட்டாரு. தேங்காப்பால் புழிஞ்சு சொதி வச்சிருந்தேன்ளா. நல்லாருக்கு, நல்லால்ல, ஏதாவது ஒண்ணு வாயில வரணுமா வேண்டாமா?" ஓர் இலையின் ஓரத்தில் நகம் அழுந்தியது. "எதுத்த வீட்டுக்காரி புருசன் கொறட்டையாவது விடுதான். இவுகளுக்கு அதுவும் இல்ல. தூங்குதாகளா, எந்திச்சுப் போயிட்டாகளான்னு ராத்திரி தொட்டுல்லா பாக்க வேண்டியிருக்கு." இன்னொரு கிள்ளு. "அவுக அக்கா வீட்டுக் கல்யாணத்துல..." என்று இருபது வருஷம் பின்னால் போனாள். அந்த ஒரு கல்யாணத்துக்கே ஒரு கொத்து இலை காலி.

கடைசியில் குரல் தணிந்தது.

"கண்ணு தெரிஞ்ச மட்டும் அவுக பேசாதது எனக்கு ஒரு கொறையாவே தெரியல. மொகத்தப் பாத்துக்கிட்டு நான் பேசிக்கிட்டு இருப்பேன், அது போதும். இப்பம் மொகம் இருக்க எடத்துல இருட்டுல்லா இருக்கு. பேச்சும் இல்லன்னா வீட்டுல ஆளே இல்லாத மாதிரிதான?"

இதற்கு அவள் கிள்ளவில்லை. பிளாஸ்கிலிருந்து இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் தை மாதத்திலிருந்து மார்கழிக்கு வந்தார். "ஏட்டி" என்றார்.

காப்பி தளும்பியது. "யாரு? நீங்களா? ஒரு சத்தம் கொடுத்துட்டு வரப்படாதா? நெஞ்சு வெடிச்சிரும்லா!"

"இங்க என்ன பண்ணுத?"

"நடுங்குதேன். பாத்தா தெரியல?" என்றாள். பிறகு மெதுவாக, "மொத்தமா மூடுதுக்கு முன்னால ஒரு மார்கழி வேணும்போல இருந்துச்சு. நமக்குக் கல்யாணமான வருசம் கடேசியா வந்துச்சே, அதுக்கப்பறம் இங்கதான கெடக்கு. கீரைக்குக் குளிருண்டு, உங்களுக்கும் உண்டு, எனக்குக் கெடையாதா?"

அவர் தன் வாழ்நாளின் மிக நீளமான பேச்சைப் பேசினார். "இங்க குளிர் அளந்து வச்சதுட்டி. ஒன் ஒடம்புச் சூடும் காப்பிச் சூடும் சேந்து எல்லார் கீரையும் இன்னுங் கெட்டுப்போச்சு. அறையப் பூட்டப் போறாங்க. பூட்டுனா ஒன் கண்ணு..."

செண்பகவல்லிக்கு முகம் வெளுத்தது. "ஒரு டம்ளர் காப்பிக்கா? குளிருல உக்காந்தா சூடாக் குடிக்கத் தோணாதா? வெறுங்கையோட யாராவது மார்கழிக்குள்ள வருவாகளா? அய்யோ, அடுத்தவுக கண்ணையும்ல்லா கெடுத்துட்டேன்!" என்று எழுந்தவள், போர்வையில் கால் மாட்டித் தடுமாறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மீராள் வந்தாள். போர்வை, பிளாஸ்க், இரண்டு பேரின் முகம் எல்லாவற்றையும் பார்த்தாள். குனிந்து தட்டைப் பார்த்தாள். இலைகளின் ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பிறையாக நகத் தடம்.

"மாமி, இது என்ன?"

"அது... அவுகளப் பத்திச் சொல்லும்போது கை சும்மா இருக்காதும்மா. அவுக தொட கிட்ட இல்லன்னா எது இருக்கோ அதத்தான் கிள்ளணும்."

மீராள் ஒரு கணம் வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் கூரையில் ஒட்டியிருந்த பனி உதிர்ந்தது.

"மாமா! கீரை இத ஆடு கடிக்குன்னு நெனச்சிருக்கு! நம்ம மார்கழியில குளிர் மட்டுந்தான இருக்கு. புழு உண்டா, பூச்சி உண்டா, கன்னுக்குட்டி உண்டா? தொந்தரவே இல்லாத மார்கழி எங்கயாச்சும் இருக்குமா? இந்த ஒத்தத் தட்டுக்குத்தான் ஒரு எதிரி கெடச்சிருக்கு. பயந்தடிச்சு ரெட்டக் கம்பளி பின்னிருக்கு!"

"எதிரியா? நானா?" என்றாள் செண்பகவல்லி. ஆனால் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

*

மீராள் வாரியத்திடம் எப்படியோ கெஞ்சி ஒரு விளைச்சலுக்கு அவகாசம் வாங்கினாள். நிபந்தனைகளைச் செண்பகவல்லியிடம் சொன்னாள். பிளாஸ்க் கூடாது. உடம்புச் சூடு வெளியே போகாத உடுப்பு போட வேண்டும். தினமும் கொஞ்ச நேரந்தான். ஒரு தட்டுப் பாக்கியில்லாமல் கிள்ள வேண்டும்.

"எல்லாத் தட்டுக்கும் பத்துமா மாமி? கொற சொல்ல அவ்வளவு இருக்கா?"

"முப்பது வருசம்மா! திருநெல்வேலிச் சீம முழுக்கக் கீரை போட்டாலும் பத்தும்."

பத்தியது. சிவப்புப் பொன்னாங்கண்ணி தட்டுத் தட்டாக விழித்துக்கொண்டது. ஒவ்வோர் அளவையிலும் முள் ஒரு படி ஏறியது. பச்சை ரகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆவுடையப்பனின் ஆகக் கொடிய குற்றங்களையெல்லாம் சொல்லி அதைக் கிள்ளிப் பார்த்தாள். நகம் தேய்ந்தது, அது அசையவில்லை. "அவுக சாடையிலேயே இருக்கு" என்று விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாறுதல் நடந்துகொண்டிருந்தது. துவாரத்தின் வழியே கேட்டதை ஆவுடையப்பனால் மறக்க முடியவில்லை. ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றியதும், "வந்துட்டேன்" என்றார். செண்பகவல்லி திடுக்கிட்டு, திருடனோ என்று கரண்டியை எடுத்துவிட்டாள். "உக்காந்துட்டேன்" என்றார். "சாப்பிடுதேன்" என்றார். வெகுநேரம் யோசித்து, "சொதி... சொதியாட்டமே இருக்கு" என்றார். ராத்திரி படுத்தபிறகு இருட்டில், "இருக்கேன்" என்றார். அவள் கை நீட்டி அவர் கையைத் தொட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அந்த வாரமே மீராள் சத்துமானியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா! வீட்டுல என்ன செஞ்சிய? உள்ளதச் சொல்லுங்க!"

"ஒண்ணும் செய்யலையே."

"முள்ளு எறங்குது! மாமியப் போய்ப் பாத்தேன். தட்டுக்கு முன்னால உக்காந்து எலையத் தடவிக் கொடுத்துக்கிட்டு இருக்காக! 'இப்பல்லாம் அவுக பரவால்லம்மா'ங்காக! வாரியத்துக்காரங்க வார நேரமா பாத்தா நீங்க நல்ல புருசன் ஆகணும்?"

உலகத்தில் எந்தக் கணவருக்கும் இப்படி ஒரு சங்கடம் வந்திருக்காது. அவர் பேசாமல் இருந்தால் அவளுக்கு வீடு வெறிச்சோடிப் போகும்; பேசினால் கண் போகும். அன்று முழுக்க அவர் வைகாசியில் கார்த்திகையைத் திறந்துவிட்டு, கார்த்திகையில் பங்குனியைத் திறந்துவிட்டு, எல்லாக் கீரையையும் குழப்பினார்.

அவரைக் காப்பாற்றியது அவருடைய அனுபவமின்மைதான். பேசிப் பழகாத மனிதர் அல்லவா? ஆரம்பித்துவிட்டாரே தவிர, நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. ஆடி அறைக்குக் காற்று வீசும் காற்றாடியின் கதையை மட்டும் மூன்று சாயங்காலம் தொடர்ந்து சொன்னார். செண்பகவல்லி ஒரு வார்த்தை சொல்ல இடம் கேட்டால், "இரு, இதக் கேளு" என்றார். பச்சைக் குழந்தை தூங்குகிற வீட்டில் மேளம் அடித்தாற்போல் இருந்தது அவளுக்கு.

"என்ன வாயிளா அது!" என்று மறுநாள் பொன்னாங்கண்ணியிடம் சொல்லி ஓர் அழுத்து அழுத்தினாள். "காத்தாடியாம், பல்சக்கரமாம்! மனுசிய ஒரு வார்த்த பேச விடுதாகளா?" கிள்ளு. "நேத்து எனக்குக் கனவு வந்துச்சு, அதுலயும் அந்தக் காத்தாடிதான்!" கிள்ளு, கிள்ளு.

முள் மறுபடி எகிறியது. வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், அறையைப் பூட்ட வேண்டாம் என்றார்கள். செண்பகவல்லிக்கு ஓர் உத்தியோகமும் கொடுத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், கடைசியில் 'ஆடு' என்று எழுதப் பார்த்தார்கள். அவள் அவர்களையும் கிள்ள வந்ததால் 'பருவ உதவியாளர்' என்று மாற்றினார்கள். ஜில்லாவில் இரண்டாவது ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது.

அவள் நல்ல சத்துள்ள கீரையைத் தின்ன ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆயின. இருட்டு மேற்கொண்டு பரவவில்லை. சுருங்கியதா என்று கேட்க அவருக்குப் பயம்.

ஒருநாள் மதியம் மார்கழி அறையில் அவள் கடைசித் தட்டில் இருந்தாள். ஆவுடையப்பன் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காற்றாடியின் பல்சக்கரம் எப்படித் தேய்ந்தது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய கை ஓர் இலையின்மேல் அப்படியே நின்றது.

"கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"இப்பம் பேசுங்க."

"என்னட்டி?"

"பேசுங்கங்கேன்."

"என்னத்தப் பேச?"

செண்பகவல்லி அவருக்கு நேரே திரும்பி உட்கார்ந்தாள். மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"உங்க மொகம் தெரியல. ஆனா மொகம் இருக்க எடத்துல வெள்ளையா என்னமோ வருது, கலையுது. நீங்க பேசுனா வருது. நிறுத்துனா நின்னுருது."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மார்கழிக் குளிரில் அவர் வாயிலிருந்து புகையாய்ப் போன மூச்சு அது. இருட்டின் நட்டநடுவில் அவள் அதைப் பார்க்கிறாள்.

"அது என் மூச்சுல்லா" என்றார்.

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நிறுத்தாதீய."

உலகத்தில் எதைப் பற்றியும் பேசத் தயாராக இருந்தார். அந்த நேரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆடி அறைக் காற்றாடியின் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.